நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியில் வீடும் பாகமும்: இருப்புரிமை, உடைமையுரிமை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச்சென்ற நிலமும் பொன்னும் பணமும் பங்கிடப்படும்போது பூசல் எழுவதுண்டு. எனினும் அவற்றை அளந்தும் நிறுத்தும் எண்ணியும் பிரித்துவிட இயலும். வீடு அத்தகையதன்று. அதில் அப்போதும் ஒருவர் குடியிருப்பார், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பாகம் பெற உரியவர் வெளியிலும், பாகம் இல்லாதவர் அல்லது சிறு பாகமே உடையவர் உள்ளேயும் இருக்கும் நிலையில், அவ்வீட்டை எவ்வாறு பிரிப்பது என்னும் வினா இந்தியச் சட்ட வரலாறு முழுவதும் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று பழைய திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய இந்நெல்வளப் பகுதியில் வாழ்ந்த வேளாளருள் ஒரு பிரிவினர் மக்கள்வழியையும் மற்றொரு பிரிவினர் மருமக்கள்வழியையும் பின்பற்றினர். மருமக்கள்வழிக் குடும்பங்களில் இறந்தவரின் வீட்டில் வாழ்ந்தோர் யாவர், அவ்வீட்டுக்கு உரியோர் யாவர், அவ்விரு திறத்தாரையும் இணக்க வழக்கமும் சட்டமும் செய்தவை யாவை என்பனவற்றைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறைவிடமும் உரிமையிடமும்

மருமக்கள்வழி என்பது ஓர் ஆணின் சொத்து அவன் மக்களுக்குச் செல்லாமல் அவன் உடன்பிறந்தாள் மக்களுக்குச் செல்லும் முறையாகும். மலையாள நாட்டு நாயர் குடும்பங்களிலும் இம்முறையே வழங்கியது. ஆயினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. வட கேரளம் தவிர்ந்த பகுதிகளில், சம்பந்தம் கொண்ட நாயர் பெண் பெரும்பாலும் தன் தாயின் தறவாட்டிலேயே வாழ்ந்தாள். கணவன் அங்கு வந்துபோவான். அவன் இறந்தால் அவளுக்கு வருவாய் இழப்போ மனத்துயரோ நேரலாம், உறைவிடம் பறிபோவதில்லை. அவளும் அவள் மக்களும் இருந்த வீடே அவர்கள் உரிமையுள்ள வீடு.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலை வேறு. பெண் தாலி கட்டிக்கொண்டு கணவன் வீடு புகுந்தாள். மாமியோடும் நாத்தியோடும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அங்கேயே மக்களைப் பெற்று வளர்த்தாள். வாழிடம் தந்தைவழியாகவும் வாரிசுரிமை தாய்வழியாகவும் அமைந்த இக்கலப்பே சிக்கலின் வேர் எனலாம். ஒரு பெண் தான் வாழும் வீட்டில் உரிமையற்றவள். தான் உரிமையுடைய பிறந்த வீட்டிலோ வாழாதவள். அவள் மகன் தந்தையின் வீட்டில் வளர்வான். ஆயின் அவனுக்குரிய வீடு மாமனுடையது. தந்தை கண்மூடிய அன்று ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் அதே இளைஞன், மாமன் கண்மூடும் அன்று இன்னொரு வீட்டிலிருந்து மாமன் மனைவியையும் மக்களையும் வெளியேற்ற வேண்டியவன் ஆகிறான். இவ்வமைப்பில் கொடியோர் என்று எவரையும் தனித்துச் சுட்டுதல் அரிது. ஒவ்வொருவரும் ஒரு வீட்டில் வழக்காளி. வேறொரு வீட்டில் எதிர்வழக்காளி.

இவண் ‘மருமகன்’ என்னும் சொல்லின் பொருட்பரப்பு கருதத்தக்கது. ஆணொருவனுக்கு உடன்பிறந்தாள் மகனும் மருமகனே. மகளின் கணவனும் மருமகனே. முறைப்பெண் மணம் வழங்கிய சமூகத்தில் இவ்விரு பொருளும் ஒருவனிடமே பொருந்துதல் இயல்பு. சொத்துக்குரிய மருமகன் மாமன் மகளையே மணந்துகொண்டால், மாமன் இறந்தபின்னும் அம்மகள் பிறந்த வீட்டிலேயே தங்குவாள். அவள் தாயும் மகளை அண்டி அங்கேயே இருக்கக்கூடும். மொழி ஒரே சொல்லால் குறித்த இவ்விரு உறவுகளும் பிரிந்து நின்ற குடும்பங்களில்தான் வீட்டுப் பூசல் முற்றியிருத்தல் வேண்டும் எனக் கருத இடமுண்டு.

வழக்கம் கண்ட இடைவழிகள்

மருமக்கள்வழி மரபு மனைவியையும் மக்களையும் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. அதன் வழக்காறுகளில் இரண்டு இங்கு இன்றியமையாதவை. முதலாவது உகந்துடைமை. தந்தையின் சொத்திலிருந்து அவன் மக்களுக்கு உவந்து அளிக்கப்படும் பங்கு இது. நான்கில் ஒன்றைத் தாண்டாத அளவினது. இரண்டாவது நங்குடைமை. கணவனை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற மனைவியின் பிழைப்புக்கென அளிக்கப்படுவது இது. மணவிலக்குக்குரிய ஆவணம் ‘ஒழிமுறி’ எனப்பட்டது. ஒழிதல் என்னும் வினையும் சீட்டைக் குறிக்கும் முறி என்னும் பெயரும் சேர்ந்த இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, ஜெயமோகன் திரைக்கதையில் மலையாளத் திரைப்படம் ஒன்று 2012இல் வெளிவந்தது.

இவ்வழக்காறுகளைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலப்படும். உகந்துடைமை, நங்குடைமை ஆகிய இரண்டும் வெளியேறுவோர்க்கு அளிக்கப்படுபவை. பணமாகவோ நிலமாகவோ ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு வீட்டை விட்டுச் செல்லுதல் என்பதே அவற்றின் உட்கிடை. ‘உகந்து’ என்னும் அடையும் பொருள் பொதிந்தது. உவந்து கொடுப்பது கொடை. கேட்டுப் பெறுவது உரிமை. மக்களின் பங்கு கொடையின் பெயரால் சுட்டப்பட்டமை, அதன் அளவையும் காலத்தையும் உரியவர்களின் மனநிலைக்கு விட்டுவிட்டது. உரியவர் உவக்கவில்லையெனில், உள்ளே இருப்பவர் வீட்டை விட்டு இறங்காமல் இருப்பதொன்றே எஞ்சிய வழி. இறங்காதவரை இறக்க மற்றவர் வழக்குமன்றம் ஏறுவர்.

மான்மியம் காட்டும் வீடு

கவிமணியின் மான்மியம் ‘தமிழன்’ இதழில் 1917-18ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் பெயரின்றித் தொடராக வெளிவந்து, 1942இல் நூல்வடிவம் பெற்றது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் வாழ்வின் அவலத்தைத் தானே எடுத்துரைப்பதாக அமைந்தது அது. மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம் என்றவாறு அமைந்த அதன் பகுப்புகள் காப்பிய மரபைப் பகடி செய்வன. அந்நூல் நகைச்சுவைக் காவியமாகவும் சமூகச் சீர்திருத்த நூலாகவும் பலராலும் போற்றப்பட்டுள்ளது. அவ்விரு மதிப்பீடுகளும் பொருத்தமானவையே.

எனினும் அந்நூலை வீடு பற்றிய ஆவணமாகவும் படிக்க இயலும். படலப் பெயர்களே இதற்குச் சான்றாகும். ‘மாமி அரசியல்’ என்பது வீட்டுக்குள் அதிகாரம் எவரிடம் என்னும் வினாவைக் குறிக்கிறது. கணவனின் தாய் அவ்வீட்டின் தாய்வழி உறுப்பினள், மருமகளோ வந்தேறி. மக்கள்வழிக் குடும்பத்து மாமியார் ஆட்சி வயது முதிர்வால் வருவது. நாளை மருமகளும் அவ்விடத்தை அடைவாள். மருமக்கள்வழி வீட்டில் அதற்கு வாய்ப்பில்லை. எத்தனை ஆண்டு வாழினும் அவள் அவ்வீட்டுக்கு உரியவள் ஆகாள். ‘கோடேறி’ என்பதில் ‘கோடு’ வழக்குமன்றத்தைக் குறிக்கும் அக்கால வழக்குச்சொல். வழக்குமன்றம் ஏறிக் குடியை முடித்தல் என்னும் தொடர், பாகப் பூசல் இறுதியில் எத்தரப்புக்கும் சொத்தை மிச்சம் வைப்பதில்லை என்னும் பட்டறிவின் சுருக்கம். ‘கும்பியெரிச்சல்’ வயிற்றுப் பசியைச் சுட்டுகிறது. அதிகாரம், வழக்கு, பசி ஆகிய மூன்றும் ஒரு வீட்டின் உள்ளே நிகழ்பவையாகக் காட்டப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது.

ஐந்தாம் மனைவியைக் கதைசொல்லியாக்கியமை நகைக்காக மட்டும் அன்று. மனைவியர் பலராகவும் அவர்தம் மக்கள் பலராகவும் இருப்பின், சிறு அளவினதாகிய உகந்துடைமை மேலும் சிதறும். இறுதியாக வந்தவள் இளையவள். கணவனுக்குப்பின் நெடுங்காலம் வாழவேண்டியவள். இருப்பிடத்தின் தேவை அவளுக்கே மிகுதி. உரிமையோ மிகக் குறைவு. இச்சமனின்மையை எடுத்துரைக்க அவளினும் பொருத்தமான குரல் இல்லை.

நூலின் எல்லையையும் சுட்டுதல் முறையாகும். இது மனைவியின் குரல். காரணவரின் உடன்பிறந்தாளின் குரல் இதில் இல்லை. அவளும் ஒரு வீட்டில் மனைவியாய் வாழ்ந்தவளே. கணவன் இறந்தால் அவளும் அவ்வீட்டை விட்டிறங்க வேண்டியவள். அவள் திரும்பிச் செல்லக்கூடிய இடம் பிறந்த தறவாடு ஒன்றே. மருமக்கள்வழியின் கொடுமை என மனைவி கூறுவது, உடன்பிறந்தாளின் பார்வையில் கடைசிப் புகலிடமாகும். இருவரும் ஒருத்தியே ஆதலும் கூடும். இதனை மறந்து மான்மியத்தைப் படிப்பின், ஒரு பெண்ணின் ஒரு பாதியை மட்டுமே படித்தவராவோம்.

சட்டத்தின் வருகை

மருமக்கள்வழியைச் சட்டத்தால் திருத்தும் முயற்சி மலபாரில் தொடங்கியது. 1891இல் அமைக்கப்பட்ட மலபார் திருமண ஆணைக்குழுவுக்குச் சர் தி. முத்துசாமி ஐயர் தலைமை தாங்கினார். ‘இந்துலேகா’ (1889) புதினத்தின் ஆசிரியர் ஓ. சந்துமேனன் அதில் உறுப்பினராக இருந்து, மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். 1896இல் மலபார் திருமணச் சட்டம் நிறைவேறியது. திருவிதாங்கூரில் நாயர் ஒழுங்குமுறைச் சட்டங்கள் 1912, 1925ஆம் ஆண்டுகளில் வந்தன. கொல்லம் 1101ஆம் ஆண்டின் ஆறாம் சட்டமாக நாஞ்சில் நாட்டு வேளாளர் ஒழுங்குமுறைச் சட்டம் 1926இல் வெளிவந்தது. மான்மியம் இதழில் வந்து முடிந்து பத்தாண்டு நிறைவதற்குள் இச்சட்டம் நிறைவேறியது. மணத்திற்கும் மனைவி மக்களின் வாரிசுரிமைக்கும் பாகம் கேட்கும் உரிமைக்கும் அது சட்டவடிவம் தந்தது.

அதற்கு முன்பிருந்த நிலையில், தறவாட்டு உறுப்பினர் அனைவரும் இசைந்தாலன்றிப் பாகம் இல்லை என்பதே மருமக்கள்வழியின் பொதுவிதி. ஒருவர் மறுத்தாலும் வீடு பிரியாது. இவ்விதி வீட்டைக் காத்தது. கூடவே வீட்டிற்குள் சிறைப்பட்டோரையும் உருவாக்கியது. பாகம் கேட்கும் உரிமை வந்தபின் சிறை திறந்தது, வீடு உடைந்தது. மருமக்கள்வழி மாற்றத்தை ஆராய்ந்த கே. சாரதாமணி, ஜி. அருணிமா முதலியோர், தாய்வழிக் குடும்பத்தில் பெண்கள் பெற்றிருந்த காப்பு இம்மாற்றங்களால் தளர்ந்தமையைச் சுட்டியுள்ளனர். நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை இதனைச் சற்று மாற்றிக் கூறலாம். மனைவி என்னும் நிலையில் பெண் வீட்டைப் பெற்றாள். உடன்பிறந்தாள் என்னும் நிலையில் வீட்டை இழக்கத் தொடங்கினாள்.

பிற இடங்களில் இதே வினா

மக்கள்வழிக் குடும்பங்களில் இவ்வினா வேறு வடிவம் கொண்டது. அங்கு வெளியேற்றப்படும் அச்சத்தில் வாழ்ந்தவள் கணவனை இழந்த மனைவி. உரியவர் மகனோ கொழுந்தனோ. அவளுக்குச் சொத்தில் பங்கு இல்லாதபோதும் குடும்ப வீட்டில் வாழும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றன. 1869இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், குடும்ப வீட்டை விலைக்கு வாங்கியவர் அதில் வாழும் கைம்பெண்ணுக்குத் தகுந்த வேறு இருப்பிடம் ஏற்படாதவரை அவளை வெளியேற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒருவரின் பங்கை வாங்கிய அயலார் அவ்வீட்டில் கூட்டாகக் குடிபுக உரிமையற்றவர் என்றது. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அவ்வயலார் பாகம் கோரி வழக்கிட்டால் அப்பங்கை உரிய விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் குடும்பத்தாருக்கு அளித்தது. இவை அனைத்தும் வீட்டை ஏனைய சொத்துகளிலிருந்து வேறாகக் கருதியதன் விளைவுகள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் மனைவிக்கும் முதல் வகுப்பு வாரிசு நிலையை வழங்கியது. ஆயினும் அதன் 23ஆம் பிரிவு வீட்டுக்குத் தனி விதி வகுத்தது. இறந்தவரின் குடும்பத்தார் முழுமையாகக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் தம் பங்குகளைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கோர இயலாது. அவளுக்கு அங்கு வாழும் உரிமை உண்டு. அவள் மகளாயின், மணமாகாதவளாகவோ கணவனால் கைவிடப்பட்டவளாகவோ கணவனைப் பிரிந்தவளாகவோ கைம்பெண்ணாகவோ இருந்தாலன்றி அதுவும் இல்லை. ஆண் வாரிசு ஒருவரே இருப்பினும் இத்தடை பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது. ஒரே மகன் தன்னிடமிருந்தே பிரிந்துகொள்ள முன்வருவது எங்ஙனம்? அத்தகைய வீட்டில் மகளின் பங்கு ஏட்டளவில் நின்றது.

நாஞ்சில் நாட்டு மனைவியின் நிலையும் 23ஆம் பிரிவு கண்ட மகளின் நிலையும் ஒன்றன் மறுதலை மற்றொன்று. முன்னவள் வாழ்ந்தாள், உரிமையில்லை. பின்னவளுக்கு உரிமை உண்டு, வாழ இயலவில்லை, பிரிக்கவும் இயலவில்லை.

இவண் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, மருமக்கள்வழியினர்க்கும் அளியசந்தான முறையினர்க்கும் சில விதிகளை மாற்றியமைத்தது. அவர்களைப் பொறுத்தவரை 23ஆம் பிரிவு இல்லாததாகவே கொள்ளப்படும் என்பது அம்மாற்றங்களுள் ஒன்று. மருமக்கள்வழி என்பதன் வரையறைக்குள் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டது. எனவே 1956 முதல் 2005 வரை, மக்கள்வழி இந்துப் பெண் கேட்க இயலாத வீட்டுப் பாகத்தை, மான்மியம் பழித்த மருமக்கள்வழியில் பிறந்த பெண் கேட்க இயன்றது. மகளை விருந்தினளாகக் கருதும் நோக்கு மருமக்கள்வழியின் வீட்டுக் கருத்தில் இடம்பெற்றதில்லை. தாய்வழியில் வீடு பெண்ணைக் கொண்டே தொடர்வது. அதனாற்போலும் சட்டம் இயற்றியோர் இத்தடையை அங்குப் பொருத்த இயலாது எனக் கண்டனர். இச்சட்டம் நடைமுறைக்கு வந்த 1956ஆம் ஆண்டிலேயே நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தது.

அண்மைக்கால மாற்றங்கள்

தமிழ்நாட்டில் 1989 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மகளைப் பிறப்பால் கூட்டுப்பங்குரிமையாளர் ஆக்கியது. 23ஆம் பிரிவை அது நீக்கவில்லை. 2000இல் சட்ட ஆணையத்தின் 174ஆம் அறிக்கை அதனை நீக்கப் பரிந்துரைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மையத் திருத்தச் சட்டத்தால் அது நீங்கியது. 1996இல் தந்தை இறந்த சென்னைக் குடும்பம் ஒன்றின் வழக்கில், வீட்டில் வாழ்ந்த மகன் பழைய தடையைக் காட்டினார். நீக்கத்துக்கு முன் தொடுக்கப்பட்ட வழக்காயினும் மகள்களின் பாகக் கோரிக்கைக்கு அத்தடை இனிக் குறுக்கே நில்லாது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

பாக உரிமை வலுப்பெற்ற அதே ஆண்டில், உடைமையோடு தொடர்பற்ற இருப்புரிமையும் புதுவடிவில் தோன்றியது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சொத்தில் உரிமை உண்டோ இல்லையோ, பகிர்ந்து வாழும் இல்லத்தில் வாழும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்தது. கணவனை இழந்த பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டு என 2022இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மான்மியத்தின் ஐந்தாம் மனைவி கேட்டதும் இதனையே. அவள் காரணவரின் நிலபுலன் முழுவதையும் கேட்கவில்லை. இறங்கிப்போகச் சொல்லாதிருத்தலையே கேட்டாள்.

முடிவுரை

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியில் வாழிடமும் வாரிசுரிமையும் வெவ்வேறு வழியில் சென்றமையே வீட்டுப் பூசலுக்கு அடிப்படை. உகந்துடைமையும் நங்குடைமையும் வெளியேறுவோர்க்கான ஈடாக அமைந்தனவேயன்றி, உள்ளே இருப்போர்க்கான உரிமையாக அமையவில்லை. மான்மியம் இக்குறையை மனைவியின் பக்கம் நின்று உணர்த்திற்று. 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஓரளவு நீக்கிய அதே வேளையில், உடன்பிறந்தாளின் புகலிடத்தைத் தளர்த்திற்று. அனைத்திந்திய அளவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டைக் காக்க முனைந்து மகளின் பங்கை முடக்கியது. அம்முடக்கம் நீங்க 49 ஆண்டுகள் ஆயின.

வாழ்பவரைக் காத்தலும் உரியவர்க்கு அவர் பங்கை வழங்கலும் ஒருங்கே நிறைவேறுதல் அரிது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது. ஒவ்வொரு விதியும் ஒருத்தியை உள்ளிருத்தி, இன்னொருத்தியை வாயிலில் நிறுத்தியது. மருமக்கள்வழி பற்றிய இலக்கியங்களை ஆராய்வோர், பேசுகின்ற மனைவியோடு பேசாதிருக்கும் உடன்பிறந்தாளையும் தேடுதல் வேண்டும். அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகள் போன்ற ஆவணங்களும் நாஞ்சில் நாட்டு வாய்மொழி வழக்காறுகளும் அத்தேடலுக்குரிய களங்களாகும். அவள் குரல் கிடைக்குமாயின் மான்மியத்தின் மறுபாதியை நாம் படித்தவராவோம்.